மூக்கை அறுத்து மூச்சு விட வைக்கிறவங்க

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது. பகல்ல ஆணி புடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஸ்பானரோட உட்காருகிற ஆசாமி. வீட்டுல ஒரு பழைய புல்லட் 350 இருக்கு. அதனால இது பொழுதுபோக்குக்காரனோட அபிப்பிராயம், கம்பெனி மேனுவல் இல்லை. கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கலாம், ஆனா முழுசா படிச்சுட்டு கோவிச்சுக்கோங்க. :-)

புல்லட் வெச்சிருக்கிற நாலு பேர் டீக்கடையில கூடினா அஞ்சாவது நிமிஷம் இந்தப் பேச்சு வந்துடும். "ஏர்பாக்ஸைக் கழட்டிப் போட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டு மச்சி, வண்டி பிச்சுக்கும்." கூடவே அதே மூச்சுல, "அந்த ப்ரீதர் ட்யூபையும் வெளியே விட்டுடு, இன்ஜின் ஃப்ரீயாயிடும்." இந்த ரெண்டு வேலையையும் ஒரே பில்லுல போட்டு செஞ்சு தர்ற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கு. என் கட்சி என்னன்னா, இதுல ஒண்ணு உருப்படியான வேலை, இன்னொண்ணு பெரும்பாலும் வெட்டிச் செலவு. ஆனா நம்ம ஆளுங்க உருப்படியானதை அரைகுறையா செஞ்சுட்டு, வெட்டியானதுக்கு முழுக் காசையும் கொட்டுறாங்க. ரெண்டையும் சேர்த்து தப்பா செஞ்சா அது வண்டியோட நிக்காது, பின்னால வர்றவன் வரைக்கும் போகும். அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ப்ரீதர்னா என்னன்னு பார்த்துடுவோம். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.

புல்லட் 350 ஒத்தை சிலிண்டர். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கணக்குப் போட்டா 346 சிசி. இந்த 346 சிசிங்கறது பிஸ்டனுக்கு மேல நடக்கிற கதைன்னு எல்லாரும் நினைக்கிறோம். பிஸ்டனுக்குக் கீழயும் அதே 346 சிசிதான். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸுக்குள்ள இருக்கிற காத்தை அழுத்துது, ஏறும்போது இழுக்குது. நாலு சிலிண்டர் கார்ல ரெண்டு பிஸ்டன் ஏறும்போது ரெண்டு இறங்கும், காத்து உள்ளுக்குள்ளயே இடம் மாறிக்கும். ஒத்தை சிலிண்டர்ல அந்த சமாதானம் கிடையாது. 4000 ஆர்பிஎம்ல ஒரு செகண்டுக்கு 66 தடவைக்கு மேல இந்த அழுத்தல் இழுத்தல் நடக்குது. சைக்கிள் பம்பு ஒண்ணு உள்ளே உட்கார்ந்து வேலை செய்யற மாதிரி. இது போதாதுன்னு ரிங்கைத் தாண்டிக் கீழே கசியுற எரிஞ்ச புகை, எரியாத பெட்ரோல் ஆவி, தண்ணி ஆவி எல்லாம் அதே அறைக்குள்ள வந்து சேருது. இதெல்லாம் வெளியே போக வழி வேணும். வழி விடலைன்னா அது தானா வழி கண்டுபிடிக்கும்: ஆயில் சீல், பேக்கிங், கேஸ்கட், எங்க பலவீனமோ அங்க. "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்"னு தாத்தா காலத்துல இருந்து சொல்றோமே, அதுல பாதிப் பழி பேக்கிங் மேல போட்டிருக்கோம். என்னைக் கேட்டா அதுல கணிசமான பங்கு மூச்சுக் குழாயோட பாவம்.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட்ல இதுக்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு. கிராங்க்கேஸ்ல இருந்து கிளம்புற குழாயோட முனையில வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர். உள்ளேயிருந்து காத்து தள்ளினா அலகு திறக்கும், உள்ளே இழுத்தா மூடிக்கும். அவ்ளோதான். ஸ்பிரிங் கிடையாது, எலெக்ட்ரிக் கிடையாது. ஆனா இதோட பலன் பெருசு. இறங்கும்போது காத்து வெளியே போகுது, ஏறும்போது திரும்ப வர முடியலை. நாலஞ்சு சுத்துல கிராங்க்கேஸுக்குள்ள அழுத்தம் வெளியை விடக் குறைஞ்சுடும். வெளிக் காத்து சீலை உள்பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கும், ஆயில் வெளியே வர யோசிக்கும். இந்த ரப்பர் வயசானா விறைச்சுப் போகும், இல்ல வாய் பிளந்து நிக்கும். அப்புறம் அது வால்வு இல்லை, வெறும் ஓட்டை. வண்டியை வாங்கின நாள்ல இருந்து அதைத் தொட்டே பார்க்காதவங்க எத்தனை பேருன்னு கேட்டா, கையைத் தூக்காதவங்களைத்தான் எண்ணணும்.

அதனால ப்ரீதர்ல கை வைக்கறதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல ஒருவழி வால்வு, தாராளமான குழாய், கடைசியில ஆயிலைப் பிடிக்க ஒரு பாட்டில். இந்த மூணும் சேர்ந்தது ப்ரீதர் மாடிஃபிகேஷன். ட்யூபைக் கழட்டி வெளியே தொங்க விடறது மாடிஃபிகேஷன் இல்லை, சோம்பேறித்தனம்.

ட்யூப் தொங்கறதுல என்ன பிரச்சனைன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சம்பவம். என்னோட வேலை பார்க்கிற ஒரு தம்பி, ஆசை ஆசையா ஒரு பழைய இரும்பு இன்ஜின் வண்டி வாங்கினான். ஒரு கடையில கொடுத்து ஏர்பாக்ஸைக் கழட்டி கூம்பு ஃபில்டர் மாட்டினான். ப்ரீதர் ட்யூபை எங்க சொருகறதுன்னு தெரியாம, கடைக்காரர் பின்பக்கமா இழுத்து ஸ்விங் ஆர்ம் பக்கத்துல ஒரு டேக் போட்டுக் கட்டி விட்டுட்டார். ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியலை. ஒரு நாள் ஃப்ளைஓவர் இறக்கத்துல வளையும்போது பின் சக்கரம் சும்மா அப்படியே நழுவிடுச்சு. மழை இல்லை, மண் இல்லை. கை சிராய்ப்போட தப்பிச்சான். பின்னால குழந்தையோட ஸ்கூட்டியில வந்த ஒரு அம்மா எப்படி பிரேக் பிடிச்சாங்கன்னு அவனுக்கே தெரியலை. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தா டயரோட இடது ஓரம் பளபளன்னு மின்னுது. தினமும் சொட்டு சொட்டா ஆயில். நேரா போகும்போது ஓரம் ரோட்டைத் தொடாது, அதனால தெரியாது. சாயும்போதுதான் தெரியும், அதாவது தெரியவே கூடாத நேரத்துல.

"அண்ணே, ரேஸ் வண்டியில எல்லாம் வெளியேதானண்ணே விடறாங்க?"ன்னு அவன் கேட்டான். அதான் இல்லை. சர்வதேச ரோடு ரேஸ்கள்ல ப்ரீதரை மூடின ஏற்பாடா வெச்சு ஏர்பாக்ஸுக்குள்ள விடணும்ங்கறது விதி. ஒரு துளி ஆயில் டிராக்ல விழுந்தா அடுத்த வளைவுல பத்துப் பேர் விழுவான்னு அவங்களுக்குத் தெரியும். நமக்குத்தான் ரோடுன்னா யாரோ ஒருத்தரோட ரோடு.

இந்தக் குழாயை வெளியே விடற பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்துல கார்கள்லயும் கிராங்க்கேஸ் குழாய் ரோட்டைப் பார்த்துத்தான் தொங்கிக்கிட்டிருந்தது. வண்டி ஓடற வேகத்துல காத்து உறிஞ்சி எடுத்துக்கும்னு ஏற்பாடு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல புகைமூட்டம் கண்ணைக் கரிக்க ஆரம்பிச்சு, எங்கிருந்து வருதுன்னு தேடினப்ப, சைலன்சர் மட்டும் இல்ல, இந்தக் குழாயும் ஒரு குற்றவாளின்னு தெரிஞ்சது. 1961 மாடல் கார்கள்ல இருந்து கலிஃபோர்னியாவுல அந்தப் புகையைத் திரும்ப இன்ஜினுக்கே ஊட்டி எரிக்கிற ஏற்பாடு வந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல அமெரிக்கா முழுக்கப் பரவிடுச்சு. நம்ம ஊர் மாசு விதிகள்லயும் கிராங்க்கேஸ் புகை வெளிக்காத்துல கலக்கவே கூடாது. ஆக, ட்யூபைக் கழட்டி "ஃப்ரீ" பண்றவர் புதுசா எதுவும் கண்டுபிடிக்கலை. அறுபது வருஷம் பின்னாடி போறார், அவ்ளோதான்.

சரி, மேட்டரோட ரெண்டாவது பாதிக்கு வருவோம். உள்ளே இழுக்கிற மூச்சு.

ஏர்பாக்ஸை நம்ம ஆளுங்க ஒரு தடுப்புச் சுவரா பார்க்கறாங்க. ஒரு கணக்கு போடுவோம். 346 சிசி இன்ஜின் 4000 ஆர்பிஎம்ல முழு ஆக்ஸிலேட்டர்ல ஓடினா, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை காத்து இழுக்கும். நிமிஷத்துக்கு 2000 தடவை. முழுசா ரொம்பாது, எண்பது சதவீதம்னு வெச்சுக்கிட்டா நிமிஷத்துக்கு 550 லிட்டர். மணிக்கு 33,000 லிட்டர். நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட மூணு. அவ்வளவு காத்தையும் அந்த ஏர்பாக்ஸ் அமைதியா வடிகட்டிக் கொடுக்குது. காத்து ஒரே சீரா போகாது, விட்டு விட்டுத் துடிப்பா போகும். அந்தத் துடிப்புக்கு நடுவுல கார்புரேட்டர் வாயில நிதானமான, சலனமில்லாத காத்து இருக்கணும். அதுக்குத்தான் அந்தப் பெட்டி, அதனாலதான் அவ்வளவு பெருசு.

பழைய புல்லட் 350ல இருக்கறது விஎம்24 மிக்கார்ப். 24 மில்லிமீட்டர் வாய். மொத்தமே 18 குதிரை சக்தி, அதுவும் 5625 ஆர்பிஎம்ல. இந்த இன்ஜினோட சக்தியைக் கட்டிப் போட்டிருக்கிறது ஃபில்டர் இல்லை. சின்ன கார்புரேட்டர், நிதானமான கேம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இதுங்கதான். வாசக்கதவை ரெண்டு மடங்கு அகலமாக்கிட்டு, ஹாலுக்குப் போற வழி அதே ரெண்டடியா இருந்தா கல்யாண வீட்டுக் கூட்டம் எங்க நிக்கும்?

"இல்லண்ணே, மாட்டின உடனே பிக்கப் தெரியுது"ன்னு சத்தியம் பண்றவங்க இருக்காங்க. தெரியறது சத்தம். ஏர்பாக்ஸ் போனதும் "ஹ்ர்ர்"னு உறிஞ்சற சத்தம் முழங்காலுக்குப் பக்கத்துல கேக்கும். காது சொல்றதை முதுகு நம்பிடும். நிஜமா தெரிஞ்சுக்கணும்னா ஒரே ரோடு, ஒரே ஆள், டேங்க்ல ஒரே அளவு பெட்ரோல், டாப் கியர்ல 40லிருந்து 80 போக எத்தனை செகண்டுன்னு மாட்டறதுக்கு முன்னாடி அஞ்சு தடவை, மாட்டினப்புறம் அஞ்சு தடவை பின்னால உட்கார்ந்தவர் கையில ஸ்டாப்வாட்ச் கொடுத்துப் பாருங்க. நான் சொல்லிப் பார்த்த ஆட்கள்ல இதைச் செஞ்சவங்க ரெண்டே பேர். ரெண்டு பேரும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை.

இதுல நிஜமான ஆபத்து கலவை. பெட்ரோல் ஒரு பங்குக்கு காத்து 14.7 பங்கு, எடைக் கணக்குல. அதுக்குன்னு அளந்துதான் கம்பெனி ஜெட் போட்டிருக்கு. காத்து வழியைத் திறந்து விட்டுட்டு ஜெட்டை அப்படியே விட்டா கலவை வத்திடும். வத்தின கலவை சூடா எரியும். ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சர்ல டப் டப்னு வெடிக்கும், பிளக் வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். காத்துல குளிர்ற இன்ஜின், சித்திரை வெயில், ரெண்டு பேர், நீண்ட ஏத்தம், அதுக்கு மேல வத்தின கலவை. பிஸ்டன் ஜாம் ஆனா சக்கரம் பூட்டும். சைலன்சர் டப் டப்னு வெடிக்கிறதை "செம பீட்டு"ன்னு ரசிக்கிறவனைப் பார்த்தா எனக்குக் கண்ணைக் கட்டுது.

இதோட இப்போ பெட்ரோல் கதை வேற. 2025லிருந்து பங்க்ல கிடைக்கறது பெரும்பாலும் ஈ20. எத்தனாலுக்கு அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, ஒரு பங்குக்கு 9 பங்கு காத்தே போதும். இருபது சதவீதம் கலந்தா மொத்தக் கணக்கு 14.7ல இருந்து 13.5 பக்கத்துல இறங்கிடும். அதாவது பழைய கார்புரேட்டர் வண்டி எல்லாம், நாம ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடாமலே, கொஞ்சம் வத்தின கலவையிலதான் ஓடிக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல ஏர்பாக்ஸையும் கழட்டறது, காய்ச்சல்காரனை வெயில்ல நிறுத்தற மாதிரி.

மெயின் ஜெட் ஏத்தலாம், நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி நீடிலை உயர்த்தலாம், பிளக் நிறம் பார்த்து சரி பண்ணலாம். பண்ணுங்க. விஎம்24 மாதிரி ஸ்லைடு கார்புரேட்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. யூசிஇ 350ல வந்த 29 மில்லிமீட்டர் சிவி கார்புரேட்டர்ல இது இன்னும் வில்லங்கம். அதுல ஸ்லைடைத் தூக்கறதே காத்தழுத்த வித்தியாசம்தான், கேபிள் இல்லை. ஏர்பாக்ஸ் இருந்தாத்தான் அந்த வித்தியாசம் ஒழுங்கா இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டிக்காரங்க "ஈசியு தானா சரி பண்ணிக்கும்"னு சொல்வாங்க. பாதி உண்மை. நிதானமா ஒரே வேகத்துல போகும்போது ஆக்சிஜன் சென்சார் சொல்றதைக் கேட்டு சரி பண்ணிக்கும். முழு ஆக்ஸிலேட்டர்ல அது சென்சாரைக் கேக்காம மனப்பாடமா வெச்சிருக்கிற கணக்குலதான் ஓடும். அந்தக் கணக்கு கம்பெனி ஏர்பாக்ஸுக்கு எழுதினது.

அடுத்து தூசி. எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால போய்ப் பாருங்க, நம்ம ரோட்டுக் காத்துல என்ன இருக்குன்னு தெரியும். அதுல இருக்கறது பொடிச்ச கல்லு. அது ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல போனா உப்புத்தாள்தான். ஆயில் போடற காட்டன் ஃபில்டரோ ஃபோம் ஃபில்டரோ நல்லாவே வேலை செய்யும், ஆயில் இருந்தா. சர்வீஸ்ல பெட்ரோல்ல கழுவி, வெயில்ல காய வெச்சு, அப்படியே மாட்டி அனுப்பறாங்களே, அந்த ஃபில்டர் இலையையும் கிளையையும் மட்டும்தான் தடுக்கும். சந்தேகமா இருந்தா ஒரு சோதனை சொல்றேன். ஃபில்டரைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாயோட உள்பக்கம் லேசா கிரீஸ் தடவுங்க. 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு விரல்ல தொட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல உரசிப் பாருங்க. நறநறன்னா, அதே நறநற உங்க சிலிண்டர்லயும் ஓடிக்கிட்டிருக்கு.

இங்கதான் ரெண்டு கதையும் ஒண்ணா முடியுது. தூசி போனா ரிங் தேயும், ரிங் தேஞ்சா கீழே கசியற புகை கூடும், புகை கூடினா ப்ரீதர்ல ஆயில் கூடும். ப்ரீதர் ட்யூப் போய்ச் சேர வேண்டிய இடம் ஏர்பாக்ஸ், அதை நீங்க எடைக்குப் போட்டுட்டீங்க. அனாதையான ட்யூப் பின் டயர் பக்கத்துல தொங்குது. தனித்தனியா ரெண்டு வேலைன்னு பில்லுல எழுதியிருக்கும், இன்ஜினுக்கு அது ஒரே வேலை.

ட்யூப் முனையில சுண்டைக்காய் சைஸ்ல ஒரு குட்டி ஃபில்டர் மாட்டறது இன்னொரு ஃபேஷன். பார்க்க ஜோரா இருக்கும். அது ஒருவழி இல்லை, உள்ளேயும் இழுக்கும், வெளியேயும் தள்ளும். ஆக அந்த வாத்து அலகோட பலன் போச்சு. நாலு நாள்ல ஆயில்ல ஊறி இன்ஜின் மேல வழியும், மழைக்குத் தண்ணியும் குடிக்கும். தண்ணின்னதும் இன்னொண்ணு: 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில முழங்கால் தண்ணியில வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும். வால்வு இல்லாத ட்யூப் தாழ்வா தொங்கினா, பிஸ்டன் ஏறும்போது தண்ணியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி உள்ளே இழுக்கும். ஆயில் பால் ஊத்தின காபி ஆயிடும். கூம்பு ஃபில்டர் மழைத் தண்ணிக்கு எவ்வளவு தூரம்னு தனியா சொல்ல வேண்டாம்.

இவ்ளோ திட்டியாச்சு, அப்ப என்னதான் பண்ணணும்னு கேப்பீங்க. என் வண்டியில இருக்கறதைச் சொல்றேன்.

ஏர்பாக்ஸ் கம்பெனிதான். ஃபில்டரை ஒழுங்கா மாத்தறதோட சரி. ப்ரீதருக்கு கிராங்க்கேஸுக்கு எவ்வளவு பக்கமா முடியுமோ அவ்வளவு பக்கத்துல ஒருவழி வால்வு. கார் பிரேக் பூஸ்டர் குழாயில வர்ற ஒருவழி வால்வையே நிறைய பேர் போடறாங்க, புதுப்பேட்டையில கிடைக்கும். போடறதுக்கு முன்னாடி வாயால ஊதிப் பாருங்க. இன்ஜின் பக்கத்துல இருந்து ஊதினா போகணும், எதிர்ப்பக்கம் இருந்து போகக்கூடாது. திருப்பி மாட்டினா வெளியே போற வழி அடைஞ்சு ஒரே நாள்ல சீல் பிதுங்கி வந்துடும். குழாய் பெட்ரோல், ஆயில் தாங்கற ரப்பரா இருக்கட்டும். மீன் தொட்டி ட்யூப் போட்டு அது உருகி ஒட்டிக்கிட்ட வண்டியைப் பார்த்திருக்கேன். உள் விட்டம் கம்பெனி குழாயை விடக் குறையக் கூடாது. நடுவுல தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது, அங்க தண்ணியும் ஆயிலும் தேங்கி அடைச்சுக்கும்.

அங்கிருந்து டூல் பாக்ஸுக்குப் பக்கத்துல அரை லிட்டர் அலுமினிய பாட்டில். உள்ளே பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார், ஆயில் துளி அதுல ஒட்டி கீழே சொட்டும். நார் துண்டு மேலே போகாம இருக்க வெளிவழியில ஒரு பொடி வலை. பாட்டிலோட மேல் வாயில இருந்து இன்னொரு குழாய் ஏர்பாக்ஸுக்கு. ஆயில் பாட்டில்ல நிக்கும், புகை மட்டும் உள்ளே போய் எரியும். ஆயிலோட நேரா ஏர்பாக்ஸுக்கு விட்டா பேப்பர் ஃபில்டர் நனைஞ்சு அடைக்கும், கலவையில ஆயில் சேர்ந்தா பெட்ரோலோட ஆக்டேன் இறங்கி ஏத்தத்துல டக்கு டக்குன்னு நாக் அடிக்கும். அதனாலதான் நடுவுல பாட்டில். மொத்தச் செலவு ஒரு கூம்பு ஃபில்டர் விலையை விடக் கம்மி.

சட்டம் பத்தி கேக்கறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தி சொல்லிடுச்சு. பிஎஸ்-6 வண்டியில ப்ரீதர், ஏர்பாக்ஸ் ரெண்டையும் தொடாம விடறதுதான் சரி. அதுங்கள்ல கம்பெனியே நல்லா பண்ணியிருக்கான்.

பாட்டில் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. ப்ரீதர்ல ஆயில் நிறைய வந்தா, முதல்ல ஏன்னு பாருங்க. இரும்பு இன்ஜின்ல ஆயில் டேங்க் தனியா, கிராங்க்கேஸோட சேர்த்து வார்த்திருக்கும். ஒரு மாசம் நிறுத்தி வெச்சா ஆயில் மெல்லக் கசிஞ்சு கிராங்க் இருக்கிற அறைக்கு இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணினதும் ப்ரீதர் வழியா கொப்புளிக்கும், அஞ்சு நிமிஷத்துல நிக்கும். அது தெரியாம டிப்ஸ்டிக்ல ஆயில் கம்மியா இருக்குன்னு மேலே மேலே ஊத்தறவங்க உண்டு. அளவை வண்டி ஓடி நின்னப்புறம்தான் பார்க்கணும். குழாய்ல வெண்ணெய் மாதிரி வெள்ளையா இருந்தா "ஹெட் கேஸ்கட் போச்சு"ன்னு சொல்ற மெக்கானிக்கை நம்பாதீங்க. காத்துல குளிர்ற இன்ஜின்ல தண்ணியே கிடையாது சாமி, கேஸ்கட் போனாலும் எங்கிருந்து தண்ணி வரும்? காய்கறிக் கடைக்கு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினா ஆயில் சூடே ஏறாது, உள்ளே நீராவி தங்கும், அந்த வெண்ணெய்தான் அது. ஒரு நாள் மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க, போயிடும்.

நிஜமாவே ரிங் தேஞ்சிருக்கான்னு பார்க்க, ப்ரீதர் முனையில ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஐடிலிங்ல விடுங்க. லேசா உப்பித் துடிச்சுக்கிட்டிருந்தா சரி. திருவிழா பலூன் மாதிரி சடசடன்னு ரொம்பினா ரீபோருக்குக் காசு சேர்க்க ஆரம்பிங்க. அந்த வண்டிக்கு பாட்டில் மாட்டினா, காசநோய்க்காரனுக்கு எச்சில் கிண்ணம் வாங்கிக் கொடுத்த மாதிரிதான்.

அந்தத் தம்பி இப்போ ஏர்பாக்ஸ் தேடிக்கிட்டிருக்கான். கழட்டினதைக் கடைக்காரர் எங்க போட்டார்னு அவருக்கே தெரியலையாம். பழைய ஏர்பாக்ஸ் விரிசல் இல்லாம யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க மக்களே. அப்படியே, விஎம்24 வெச்சிருக்கிறவங்க ஈ20க்கு மெயின் ஜெட் எத்தனை ஏத்தினீங்க, பிளக் என்ன நிறம் காட்டுதுன்னு சொன்னா எனக்கும் உபயோகமா இருக்கும். நான் இப்போதைக்கு நீடிலை ஒரு காடி மட்டும் உயர்த்தி ஓட்டிக்கிட்டிருக்கேன். பிளக் வெளிர் பழுப்பு. ஆனா நல்ல வெயில் காலம் இன்னும் வரலை.